எல்லோரும் ஏறியாச்சு

“ஏன் தம்பி, அந்தப் படத்துல முதல்ல சாகிறது யாரு?”

“எந்தப் படத்துலக்கா?”

“நடுக்கடல்ல ரெண்டு பேரை மறந்து விட்டுட்டுப் படகு போயிடும். சுறா சுத்திச் சுத்தி வரும். போன வாரம்தான் பார்த்தேன். பாதிக்கு மேல கண்ணை மூடிக்கிட்டேன், அதான் முடிவு தெரியலை.”

“இப்பவா அதைப் பேசணும்?”

“பேச்சை நிறுத்தினா கீழே குனிஞ்சு பார்க்கத் தோணுதே!”

கீழே பார்க்கக் கூடாது என்று இருவரும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். நான்கு பக்கமும் தண்ணீர். கரை பென்சில் கோடு மாதிரி தெரிந்தது. அலை உயர்ந்தால் அதுவும் காணாமல் போனது. படகு கண்ணிலிருந்து மறைந்து நெடுநேரம் ஆகிவிட்டது.

அந்தப் பெண் பல் மருத்துவர். முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு மூழ்கும் ஸ்கூபாவை நீச்சல் குளத்தில் பழகிவிட்டு முதன்முறையாகக் கடலில் இறங்கியவர். படகில் வரும்போது ஒரே வாந்தி. தலையை வெளியே தொங்கப் போட்டபடியே வந்ததால் உடன் வந்த ஒருவர் முகமும் மனதில் பதியவில்லை. கூட இறங்கிய பெண் காது வலிக்கிறது என்று முன்பே மேலே போய்விட்டாள். இவர் ஓர் ஆமையின் பின்னால் போனார். மேலே வந்தபோது படகு கரையை நோக்கிக் கிளம்பியிருந்தது. கையைத் தூக்கிக் கத்தினார். இன்ஜின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அப்போதுதான் அலைகளுக்கு நடுவே, கறுப்புக் குல்லாய் போட்ட ஒரு தலை தன்னை நோக்கி வருவதைக் கண்டார்.

“உங்களையும் விட்டுட்டாங்களா!” என்றார்.

போன உயிர் பாதி திரும்பி வந்தது போலிருந்தது. அந்த இளைஞன் மூச்சிரைக்க நீந்தி வந்து, காற்று நிரப்பிய அவருடைய மிதவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவன் முதுகில் சிலிண்டர் இல்லை. காலில் துடுப்பும் இல்லை.

“உங்க சிலிண்டர் எங்க தம்பி?”

“கழற்றிட்டேன்க்கா.”

பாரம் தாங்காமல் கழற்றி விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

“ஐயோ, கால்ல ஏதோ உரசுது!”

“என் கால்தான்க்கா.”

“சொல்லிட்டு உரசக் கூடாதா?” அவருக்குப் பல் கிடுகிடுத்தது. “தினம் ஊர்ப்பட்ட வாயைத் திறந்து பார்க்கிறவ நான். சுறாவுக்கு எத்தனை வரிசைப் பல்லுன்னுகூடப் படிச்சிருக்கேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.”

“சுறா மனுஷனைத் தேடி வராதுக்கா. நம்ம ருசி அதுக்குப் பிடிக்காது.”

“கடிச்சுப் பார்த்துட்டுத்தானே பிடிக்கலைன்னு சொல்லும்?”

அவன் அவருடைய சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“எண்ணிப் பார்க்காமலா படகை எடுப்பாங்க?” என்றார் மருத்துவர்.

“எண்ணுவாங்க. ஆளை இல்ல, சிலிண்டரை. ஆளுங்க எழுந்து அங்கயும் இங்கயும் போவாங்க, போட்டோ எடுப்பாங்க. சிலிண்டர் ஸ்டாண்டுல வெச்ச இடத்துலயே நிக்கும். எல்லாக் குழியும் நிறைஞ்சிருந்தா எல்லாரும் ஏறியாச்சுன்னு அர்த்தம்.”

“என்னோடது என் முதுகுல இருக்கே! அந்தக் குழி காலியாத்தானே இருந்திருக்கும்?”

“ஸ்பேர் சிலிண்டர் ஒண்ணை யாராவது அதுல சொருகியிருப்பாங்க.”

“அதைக்கூடப் பார்க்காம எண்ணினானா? கண்ணு என்ன பொட்டையா அவனுக்கு? என் கையில கிடைக்கட்டும், மயக்க ஊசி போடாம ஒவ்வொரு பல்லாப் பிடுங்கறேன்.”

“பிடுங்குங்கக்கா,” என்றான் அவன் மெதுவாக.

வெயில் மஞ்சளாகத் தொடங்கியது. ஓர் அலை இறங்கியபோது, கொஞ்ச தூரத்தில், கறுப்பாக ஒரு முக்கோணம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் மறைந்தது.

இருவருமே அதைப் பார்த்தார்கள்.

“தம்பி...”

“கையைக் காலை அடிக்காதீங்க. என் பின்னால வாங்க.”

சட்டையைப் பிடித்தபடியே அவன் சுற்றி வந்து, அந்தப் பக்கத்துக்கும் அவருக்கும் நடுவில் மிதந்தான். முக்கோணம் மறுபடி தெரிந்தது. இம்முறை இன்னும் கிட்டத்தில்.

“வீட்டுல மருத்துவ மாநாடுன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்,” என்றார் மருத்துவர். “நாளைக்கு வரைக்கும் யாரும் தேட மாட்டாங்க. கரையில இறங்கினதும் மறுபடி எண்ணுவாங்கதானே?”

“எண்ணணும். இறங்கும்போது ஆளாளா நிறுத்தி எண்ணணும்.”

“அப்ப தெரிஞ்சிடும்! திரும்பி வருவாங்க!”

அவன் முக்கோணம் தெரிந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாயைத் திறந்து சொல்லுங்க தம்பி. எண்ணுறவன் கரையில எண்ணுவானா, மாட்டானா?”

“இன்னைக்கு மாட்டான்க்கா,” என்றான் அவன், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். “எண்ணி முடிச்சு, கிளம்புன்னு கூரையைத் தட்டினப்புறம்தான் உங்க கை தெரிஞ்சுது. படகோட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னுகூடத் தோணலை, குதிச்சுட்டேன்.”