பங்களாவில் ஒப்பாரி

பேச்சியம்மாவின் ஒப்பாரியை விருந்தாளிகள் கேட்க வேண்டுமென்று தோட்டத்துத் துரை எத்தனையோ முறை ஆளனுப்பிவிட்டார். "சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்க மாட்டேங்க" என்று அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள்.

இன்று அவளாகவே கங்காணி செல்லச்சாமியிடம் வந்தாள். "பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போங்க, பாடுறேன்."

விறாந்தையில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு பாடினாள். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். "இது வெறும் அழுகை இல்லை, கலை" என்றார் துரை.

திரும்பும் வழியில் கங்காணி கேட்டார். "சாவு விழாத வீட்டுல பாடிட்டியே, பேச்சி?"

"விழுந்துடுச்சே. நேத்துத்தானே என் மகனைப் புதைச்சோம்."

"அது உன் வீட்டுச் சாவு."

"அவனோட பூனைக்கண்ணு எந்த வீட்டுதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கங்காணி நடையை எட்டிப் போட்டார். அந்த மகன் பிறப்பதற்கு முன்பு அவளைப் பங்களா வேலைக்கு அனுப்பியவர் அவர்தான்.