உருக்கக் காப்பு

குடந்தை வாசகர் வட்டத்தில் நூலைக் கற்றால் மட்டும் போதாது. கேட்கையில் உள்ளம் உருகவும் வேண்டும். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பூட்டிய காப்பு அவ்வுருக்கத்தை அளந்து செயலாளருக்குச் சொல்லிவிடும். அன்று எல்லாரையும் விட உருகியவர்க்குப் பொன்னாடை. தொடர்ந்து மூன்று ஞாயிறு கல்லாய் அமர்ந்திருந்தவர்க்கு நான்காம் ஞாயிறு நாற்காலி கிடையாது.

கோமளவல்லிக்கு இது மூன்றாம் ஞாயிறு. மகன் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் பேச ஆளில்லை. ஊரில் அவளுக்கென்று எஞ்சியது இந்த நாற்காலி ஒன்றுதான். மேடையில் ஒருவர், பிள்ளையை இழந்த தாயின் புலம்பலைப் பண்ணோடு பாடிக்கொண்டிருந்தார். அவளுடைய காப்போ சுழியத்தை விட்டு அசையவில்லை.

பக்கத்தில் இருந்த தையல்நாயகி குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா, இன்னிக்கும் ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணும் வரலடி."

"ஒங்களதக் கழட்டிக் குடுங்க. நான் சோப்பு விளம்பரத்துக்கே அழுவுறவ. எனக்குத்தான் போன வாரமே பொன்னாடை போத்தியாச்சே."

தன் காப்பைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கோமளவல்லியின் காப்பை அணிந்துகொண்டு, தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்தியபடி ஆறாய் உருகினாள். பாட்டு முடியும் தறுவாயில் அதை உரியவள் கையிலேயே மாட்டிவிட்டாள்.

செயலாளர் பொன்னாடையோடு வந்தார்.

"இன்னிக்கு எல்லாரையும் விட உருகுனது நம்ம கோமளம்மாதான்! எந்த அடிம்மா ஒங்கள இப்படி உலுக்குச்சு?"

அவள் ஓர் அடியும் கேட்டிருக்கவில்லை.

"கடைசி அடின்னு சொல்லுங்க" என்று தையல்நாயகி கிசுகிசுத்தாள்.

"கடைசி அடி" என்றாள் கோமளவல்லி.

மண்டபமே எழுந்து கைதட்டியது. எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவளும் தட்டினாள்.