முதல் எறும்பு

“நில்லும்மா! என்னத்தக் கிழிச்சே?”

வைகுண்டராஜ் போட்ட சத்தத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் இருந்த நாலைந்து தலைகளும் நிமிர்ந்தன.

தன் கதை பத்திரிகையில் வெளிவந்த வாரம் ராஜபாளையத்திலிருந்து பைக்கில் வந்து, யார் யார் அதைப் படிக்கிறார்கள் என்று ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது அவர் வழக்கம். இன்றைக்கு ஒரு பெண் படித்தாள். படித்துவிட்டு, சர்ரென்று அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

“படிச்ச புள்ளையா இருக்கே. நாலு பேர் படிக்கிறதக் கிழிக்கலாமா? நூலகரைக் கூப்பிடட்டுமா?”

“கூப்பிடுங்க சார்.” அவள் பையை விடவில்லை. “சாயங்காலம் எங்கத்தை இங்க வருவாங்க. ஒரு கதை விடமாட்டாங்க. இது அவங்க கண்ணுல படக்கூடாது.”

“என் கதையில அப்படி என்ன தப்பைக் கண்டே?”

“நீங்கதான் எழுதுனீங்களா?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எம்பேரு ஜெயசித்ரா. போன ஐப்பசியில வத்திராயிருப்பு ரோட்டுல புளியமரத்துல பைக் மோதி ஒருத்தர் செத்தாரே, அவிய எங்க வீட்டுக்காரர், எங்கத்தையோட மகன். பேரை மட்டும் மாத்திட்டீங்க. மரம், புள்ளைக்கு வாங்குன பால்கோவா எல்லாம் அப்படியே இருக்கு.”

“மன்னிச்சிரும்மா.” வைகுண்டராஜ் குரலைத் தாழ்த்தினார். பிறகு அடக்க முடியாமல் கேட்டார். “படிச்சப்போ அழுகை வந்துச்சா?”

அவள் கசங்கிய பக்கத்தை எடுத்து வாசித்தாள்.

“‘சிதறிய பால்கோவாவில் முதல் எறும்பு ஏறியது. பிறகு ஒரு வரிசை வந்தது. அப்போதும் அவன் சுண்டுவிரல் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.’”

‘துடித்தது’ என்று எழுதி, திருப்தியில்லாமல் மூன்று நாள் யோசித்து, ‘பிறாண்டியது’ என்று மாற்றிய இடம். பத்திரிகை ஆசிரியரே போன் போட்டுப் பாராட்டிய வரி.

“விழுந்ததுமே உயிர் போயிருச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க சார். அத நம்பித்தான் எங்கத்தை ரெண்டு வாய் சாப்பிடுறாங்க. நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்.”

வைகுண்டராஜ் மேஜையில் கிடந்த பத்திரிகையை மூடி வைத்தார்.

“கதைதானேம்மா. எல்லாம் கற்பனை.”

“எறும்பு?”

“கற்பனை.”

“அந்த விரலு?”

“அதுவும்தான்.”

“சத்தியமா?”

அவள் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

“சத்தியமா.”

ஜெயசித்ரா நீளமாக மூச்சு விட்டாள். “இது போதும் சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

அன்றைக்கு அந்தப் புளியமரத்துக்குப் பத்தடி தள்ளி பைக்கை நிறுத்தி, நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போடாமல், சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்ற ஆளை மட்டும் வைகுண்டராஜ் அந்தக் கதையில் எழுதியிருக்கவில்லை.