மூன்று மணி வெயில்

அம்பத்தூர் பட்டறையில் நான்காவது சாக்பீஸும் தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கு அடியில் மாவாகிறது. உள்ளே கை போனால் சிறு விளக்கிலிருந்து எதிரே உள்ள சென்சாருக்குப் போகும் ஒளி தடைபடும். உடனே கம்ப்யூட்டர் பிரஸ்ஸை நிறுத்த வேண்டும். அதற்கான சர்க்யூட்டைச் செய்த லோகநாயகி, கைக்குப் பதிலாகச் சாக்பீஸை இடுக்கியில் நீட்டிப் பார்க்கிறாள். காலையெல்லாம் ஒழுங்காக நின்ற பிரஸ், மூன்று மணியிலிருந்து நிற்கவில்லை. ஐந்தாவதை நீட்டியபடி குனிகிறாள். அவள் நிழல் சென்சார் மேல் விழுந்ததும் பிரஸ் நிற்கிறது. அவள் நிமிர்ந்ததும் அது இறங்கி நொறுக்குகிறது. கூரை ஓட்டை வழியே வரும் வெயிலை, சென்சார் விளக்கென்று எடுத்துக்கொள்கிறது. அவளுடைய மூன்று வார வேலை வீண்.

“காலையில நின்னுச்சுல்ல? ஓகேன்னு எழுதும்மா, நாளைக்கு ஆர்டர் ஓடணும்,” என்கிறார் மேலாளர் சண்முகசுந்தரம்.

“நாளிக்கு அதுக்குள்ள பூறது என் கை சார்,” என்கிறார் பிரஸ் ஓட்டும் முனியன், தரையைப் பார்த்தபடி.

பேனா மூடியைத் திறந்து மூடுகிறாள். பிறகு சோதனைத் தாளில் ‘தேறவில்லை’ என்று அழுத்தி எழுதுகிறாள், தாள் கிழிகிறது. முனியன் போய் மெயின் சுவிட்சை இறக்குகிறார்.