ஏழாவது விரல்

ஆயுத பூஜை. பட்டறையில் லேத்துகள் எல்லாம் நின்றிருந்தன. ஸ்பேனர் முதல் சுத்தியல் வரை பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருந்தன. முதலாளி வசுமதியின் போனில் கோடு மட்டும் படுக்கவில்லை. போன வாரம்தான் குழாய்க்குக் காற்று அடைக்கிற கம்ப்ரசருக்கு மீட்டர் மாட்டியிருந்தாள். அது இழுக்கிற கரண்ட் போனில் கோடாக ஓடும். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை கோடு துள்ளி எழுந்தது.

"காலைல மெஷின் தொடைக்கப் போட்டதுங்க்கா, அணைக்க மறந்துட்டோம்" என்று ஸ்விட்சுக்கு ஓடினார் ஃபிட்டர் ஆறுச்சாமி.

"அணைக்காதீங்க! யாருமே காத்து எடுக்கல. அப்பறம் யாருக்கு ஓடுது இது?"

சாம்பிராணிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு காற்றுக் குழாய் ஓரமாகவே நடந்தாள். ஓரிடத்தில் புகை வெடுக்கென்று திரும்பியது. ஓட்டை!

"ஸ்பேனர் எடுக்கட்டுங்களா?"

"பூஜைல வெச்சத இன்னைக்குத் தொடுவீங்களா? விரல வைங்க!"

வைத்தார். புகை அடுத்த ஓட்டையைக் காட்டியது, அதற்கடுத்ததையும். பட்டறை ஆட்கள் ஆறு பேரும் ஆளுக்கொன்றாகப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏழாவதற்கு ஆளில்லை. போனைப் பொரித்தட்டில் சாய்த்துவிட்டு வசுமதியே விரலை வைத்தாள்.

நாலு நிமிடம் ஆயிற்று. ஐந்து. ஆறு.

"கோடு படுத்துருச்சு!"

பதினோரு வருடமாக ஓயாத புஸ்ஸென்ற சத்தம் நின்றிருந்தது.

"இனி விரல எடுத்தறலாங்களாக்கா?"

"சத்தம் போடாதீங்க" என்றாள் வசுமதி. சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த பட்டறையிலிருந்து, அதே புஸ் வந்துகொண்டிருந்தது.