சிக்கந்தரின் சூடு

தமயந்தியின் இறுகிப்போன வலது தோளுக்கு ஒத்தடமாக வந்த சூடு, புரோட்டா மாஸ்டர் சிக்கந்தருடையது. பிசியோதெரபி நிலையம் கொடுத்து, அடுப்படியில் அவர் போட்டிருக்கும் பனியன் அவருடைய உடம்புச் சூட்டை உறிஞ்சிவைக்கும். நிலையத்தில் அந்தச் சூட்டை எடுத்து இவள் தோளில் கட்டுவார்கள். இவளுக்குக் குணமானதும் பனியனை அவர் நிலையத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கை தலைக்கு மேல் எழும்பிய அன்றே கடைக்குப் போய், இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிட்டாள்.

“அண்ணே, ஒங்க புண்ணியத்துல இன்னிக்கு நானே தலை வாரிக்கிட்டேன்.”

“நாந்தாம்மா நன்றி சொல்லணும். முன்னெல்லாம் அடுப்புச் சூட்டோட வீட்டுக்குப் போய்த் தூக்குனா, எம் மக வீல்னு கத்துவா. இந்தப் பனியன் வந்ததுலருந்து எந் நெஞ்சுலதான் தூங்குறா.”

மறுநாள் தமயந்தி பிசியோதெரபி நிலையத்தில் போய் உட்கார்ந்து, ஒரு நோவும் இல்லாத இடது தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

“டாக்டர், இப்ப இந்தப் பக்கம் பிடிச்சிக்கிச்சு.”