புரியாத வரி

பேருந்து நேரம் சொல்லும் இலவசச் செயலி அது. முன்பின் பார்த்திராத பலர் ஓர் இணையதளத்தில் கூடி அதற்குக் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் அங்கேதான் மதிவதனி, தங்கதுரை என்பவர் எழுதிய நிரலை எல்லோரும் பார்க்க "சுத்தக் குப்பை" என்று எழுதி ஒதுக்கியிருந்தாள். இன்று, அவள் புதிதாகச் சேர்த்த பகுதியின் கீழே அவருடைய கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கடைசி வரி எனக்குப் புரியலீங்க. கொஞ்சம் சொல்ல முடியுங்களா?"

இதுகூடத் தெரியாதவர் இங்கே எதற்கு வருகிறார் என்று அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வரியாக விளக்கிக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் கை நின்றுவிட்டது. அன்றைய கடைசிப் பேருந்து போன பிறகும் அவளுடைய நிரல், 'அடுத்த பேருந்து பத்து நிமிடத்தில்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு நிறுத்தத்தில், இருட்டில், யாரோ ஒருத்தி அதை நம்பி நின்றுகொண்டிருப்பாள்.

எழுதிய விளக்கத்தை அழித்தாள். வரியைத் திருத்தினாள். "மாத்தியிருக்கேன், பாருங்க" என்று மட்டும் போட்டாள்.

"இப்ப நல்லாப் புரியுதுங்க. ரொம்ப நன்றி."

அவள் தவறு செய்தாள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல் இல்லை. மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தாள். புரியாதவர் ஒருவர்தான் இருந்தார்.

எல்லோர் முன்னிலும் கேட்க மனம் வராமல், தனிச் செய்தியில் கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

உடனே பதில் வந்தது.

"எதுங்க?"